பால்சா விமானத்தில் கூடிப்போன எடை: எங்கே கை வைக்கலாம், எங்கே விட்டுவிடலாம்

பால்சா என்ற லேசான மரத்தில், ரிமோட்டால் பறக்கவிடும் மாதிரி விமானம் ஒன்றைக் கட்டினேன், பிளானில் 2 கிலோ என்று போட்டிருந்தது. மேலே போர்த்தும் மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒட்டி, மோட்டார், இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் சர்வோ, பேட்டரி எல்லாம் மாட்டி, சிஜி, அதாவது விமானம் சமநிலையாக நிற்கும் புள்ளி, சரியான இடத்துக்கு வருவதற்காக மூக்கில் 110 கிராம் ஈயமும் வைத்துத் தராசில் ஏற்றினேன். 2 கிலோ 400 காட்டியது. ஐந்து மாத வேலை. எந்த இடத்திலும் பெரிய தப்புச் செய்த ஞாபகமே இல்லை. பால்சாவில் கட்டுகிற யாருக்கும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். 400 கிராம் ஒரே இடத்தில் வந்து உட்காருவதில்லை, ஒவ்வொரு ஷீட்டிலும் ஒவ்வொரு பசைச் சொட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது, நமக்குத் தெரியவரும்போது பிலிமே ஒட்டி முடித்திருப்போம்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பெரிய மோட்டார் போடு, இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குத் துண்டான ரிப்பில் ஓட்டை போடு, பிலிமை உரித்துவிட்டு லேசான பிலிம் ஒட்டு, சின்ன பேட்டரிக்கு மாறு, ஒன்றும் செய்யாமல் அப்படியே பறக்கவிடு. இவற்றில் பெரும்பாலானதை வெவ்வேறு விமானங்களில் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எத்தனை கிராம் தருகிறது, அதற்கு எத்தனை நாள் வேலை, பதிலுக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டால், இவை ஒரே வரிசையில் வைத்துப் பேசக்கூடிய வழிகளே அல்ல என்று தெரிகிறது. வாலில் இருக்கிற ஒரு கிராமும் ரிப்பில் இருக்கிற ஒரு கிராமும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், 20 சதவீதம் கூடினால் உண்மையில் என்ன ஆகிறது? ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காமல் விட்டுவிடும் வேகம், எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் அது ஏறக்குறைய 9.5 சதவீதம்தான் கூடும். இதைக் கேட்டதும் மனசு லேசாகிவிடும், கொஞ்சம் வேகமாக இறக்கினால் போதுமே என்று தோன்றும். ஆனால் தரையைத் தொடும் நேரத்தில் விமானம் சுமந்துவரும் ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது, அது 44 சதவீதம் கூடிவிடுகிறது. சக்கரங்களைத் தாங்கும் லேண்டிங் கியர் பிளேட் பெயர்ந்து வருவது, பியூசலேஜ் என்கிற உடலின் அடிப்பக்கம் விரிசல் விடுவது எல்லாம் இந்த 44 சதவீதத்தின் வேலை. மட்டமாகப் பறப்பதற்குத் தேவையான பவரும் 31 சதவீதம் போல ஏறும், அதாவது அதே பேட்டரியில் பறக்கும் நேரம் குறையும்.

சரி, நம் விமானம் நிஜமாகவே அதிக எடையா, இல்லை பிளானில் போட்டிருந்த எண்ணுக்காக மட்டும் கவலைப்படுகிறோமா? இதைப் பார்க்க விங் லோடிங், அதாவது எடையை இறக்கைப் பரப்பால் வகுத்த எண், மட்டும் போதாது. ஒரு சதுர டெசிமீட்டருக்கு 55 கிராம் என்பது சின்ன விமானத்துக்குப் பயங்கரம், பெரிய விமானத்துக்குச் சாதாரணம். அளவு எதுவாக இருந்தாலும் ஒப்பிட உதவுவது விங் கியூப் லோடிங். எடையை கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கைப் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து அதை அதன் வர்க்கமூலத்தாலேயே பெருக்குங்கள், அந்த விடையால் எடையை வகுத்தால் ஒரு எண் வரும். அவுன்ஸிலும் அடியிலும் போடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே எண்தான் வரும், அலகு மாறினாலும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான், அதனால் எந்த நாட்டு ஆட்கள் போட்ட பட்டியலாக இருந்தாலும் அப்படியே ஒப்பிடலாம். என் விமானத்தின் இறக்கை 1.5 மீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் அகலம், 0.36 சதுர மீட்டர். வகுக்க வேண்டிய எண் 0.216. பிளான்படி 2 கிலோவுக்கு 9.3, தராசு காட்டிய 2.4 கிலோவுக்கு 11.1. பொதுவாக 5 முதல் 7 வரை என்றால் டிரெய்னர் மாதிரி நிதானமாகப் பறக்கும், 7 முதல் 10 வரை ஸ்போர்ட் விமானம், 10-க்கு மேல் போனால் நிஜப் போர் விமானத்தை அப்படியே சின்னதாக்கிச் செய்யும் ஸ்கேல் மாடல்களின் குணம் வந்துவிடும். இறங்கும் வேகம் கூடும், திருப்பத்தில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரை இழுத்தால் எச்சரிக்கையே இல்லாமல் ஒரு பக்கம் சாயும். ஆக என் ஸ்போர்ட் விமானம் வேறு ஜாதிக்கு மாறியிருந்தது. உங்களுடையது 8-லிருந்து 8.8-க்குப் போயிருந்தால் என் ஆலோசனை மிகவும் சுருக்கமானது: ஒன்றும் செய்யாதீர்கள், போய்ப் பறக்கவிடுங்கள்.

அப்படியே பறக்கவிடுவதும் ஒரு நேர்மையான முடிவுதான், சோம்பலால் வந்த முடிவு என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதற்கென்று செய்ய வேண்டியவை உண்டு. இறக்கை நுனிகளில் இரண்டு டிகிரி வாஷ்அவுட், அதாவது நுனியில் பின்விளிம்பு சற்று மேலே திரும்பியிருக்கும்படி ஒரு முறுக்கு, வைத்தால் ஸ்டால் நடுப்பகுதியில் முதலில் ஆரம்பிக்கும், நுனி கடைசியில்தான் விடும். திறந்த ரிப் அமைப்புள்ள இறக்கையாக இருந்தால் இதற்கு ஒரு கிராம்கூடச் செலவில்லை, இறக்கையை லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு பிலிமைத் திரும்பச் சூடு காட்டினால் போதும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இறக்கும்போது மோட்டாரை முழுக்க அணைக்காமல் கொஞ்சம் பவர் வைத்தே கொண்டுவர வேண்டும். மெதுவாக இறங்க வேண்டும் என்று விமானத்தைச் சாய்க்க இறக்கை நுனிப்பக்கம் இருக்கும் இரண்டு எய்லரானையும் சேர்த்துக் கீழே இறக்கி, மெதுவாக இறங்க உதவும் மடிப்பான ஃபிளாப் மாதிரி பயன்படுத்துவதை மட்டும் கனமான விமானத்தில் செய்யாதீர்கள், அது நுனியையே முதலில் ஸ்டால் ஆக்கும். ஃபிளாப் வேண்டுமென்றால் உட்பக்கத்தில் தனியாக வெட்டி, இரண்டு சின்ன சர்வோ போட்டுச் செய்யுங்கள், 30 கிராம் போலக் கூடினாலும் லாபம்தான்.

இனிப் பெரிய மோட்டார். பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், எனக்கும் தோன்றியது. பெரிய மோட்டார் என்றால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் பெரிது, அதற்கு ஈடுகொடுக்கும் பேட்டரி, எல்லாம் சேர்த்து 150 முதல் 200 கிராம் சுலபமாக ஏறும். ஏற்றம் நன்றாக இருக்கும், செங்குத்தாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இறங்கும்போது மோட்டார் பெரிதாக இருப்பது எதற்கும் உதவாது, அந்த 200 கிராமும் சேர்ந்தே தரைக்கு வரும். ஒரே ஒரு சூழ்நிலையில் இது சரியான முடிவு: மூக்கில் ஏற்கெனவே ஈயம் இருக்கிறது, வாலைத் திரும்பக் கட்ட வழியே இல்லை, அப்படியானால் ஈயத்தை எடுத்துவிட்டு அதே எடைக்கு வேலை செய்கிற ஒரு பொருளை அங்கே வைக்கலாம். கனமான எஞ்சினுக்காகக் குட்டை மூக்கோடு வரைந்த பழைய பிளான்களை எலக்ட்ரிக்காக மாற்றும்போது இந்த நிலை அடிக்கடி வரும். மற்றபடி எடைப் பிரச்சினைக்கு பவரை மருந்தாகக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரிப்பில் ஓட்டை போடுவது இன்னொரு பிரபலமான யோசனை. பார்க்க அழகாக இருக்கும், விமானம் கட்டுகிற வேலையாகவே தோன்றும், அதனால் மனசுக்குப் பிடிக்கும். கணக்கைப் பாருங்கள். 24 சென்டிமீட்டர் நீள ரிப், 2.4 மில்லிமீட்டர் தடிமன், பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர், நடுத்தர பால்சா என்றால் ஒன்றரை கிராம் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை ஓட்டையாக எடுத்தால் அரை கிராம். இருபது ரிப்புக்கு 10 கிராம். இரண்டு மாலை நேரம் வேலை செய்து, நான்கைந்து ரிப்பை உடைத்து, கிடைப்பது 10 கிராம். லேசர் வெட்டில் ஓட்டையோடு வந்தால் நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். கத்தியை எடுத்துக்கொண்டு தனியாக உட்காருவதற்கு இது தகுதியான இடமில்லை. கட்டி முடித்த இறக்கையில் பிலிமைக் கிழித்து உள்ளே ஓட்டை போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிலிமை மாற்றுவது கொஞ்சம் கடினமான கேள்வி. சாதாரண பிலிம், ஓராகவர் மோனோகோட் வகைகள், சதுர மீட்டருக்கு 60 முதல் 70 கிராம் வரும். லைட் என்று விற்கும் மெல்லிய வகைகள் 30 முதல் 40 கிராம். என் அளவு விமானத்துக்கு இறக்கையின் மேலும் கீழும், வால், உடல் எல்லாம் சேர்த்து 1.2 சதுர மீட்டர் போல வேண்டும், ஆக மாற்றினால் 36 கிராம் மிச்சம். முதலிலேயே லைட் பிலிம் வாங்கியிருந்தால் அந்த 36 கிராம் இலவசம். ஒட்டிய பிறகு மாற்றுவதென்றால் பழைய பிலிம் உரியும்போது மரத்தின் நாரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும், அதைத் திரும்ப நிரப்பித் தேய்க்க வேண்டும், தேய்ப்பதில் ரிப்புகளுக்கு நடுவே பள்ளம் விழும். லைட் பிலிமுக்குக் குறைவான சூடு போதும், பழக்கமில்லாத கையில் சீக்கிரம் ஓட்டை விழும், காய்ந்த புல்லின் முனைகூடக் குத்திவிடும். முழு விமானத்துக்கும் இதைச் செய்வது வீண் என்பது என் எண்ணம். வாலுக்கு மட்டும் செய்தால் பலன் உண்டு, காரணம் அடுத்துச் சொல்வது.

என் விமானத்தில் சிஜியிலிருந்து வால் 70 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. ஈயம் வைக்க இடமிருப்பது சிஜிக்கு 30 சென்டிமீட்டர் முன்னால். அப்படியானால் வாலில் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 2.3 கிராம் ஈயம் வேண்டும், மொத்த எடையில் 3.3 கிராம் கூடும். அநேகமாக எல்லா விமானத்திலும் வால் பக்கம்தான் நீளம், அதனால் இந்தப் பெருக்கல் எல்லோருக்கும் இருக்கும், எண் மட்டும் மாறும். உங்களுடையதை ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை, ஆனால் அதற்குப் பிறகு எந்த முடிவையும் பழைய மாதிரி எடுக்க மாட்டீர்கள். வால் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு வளைந்த கம்பி, தடித்த கீலுக்குப் பதிலாக மெல்லியது, சர்வோவையும் மடிப்பையும் இணைக்கும் தடி புஷ்ராடுக்குப் பதிலாகக் கார்பன் குழாயோ இழுகம்பியோ, பின்பக்கம் வைத்த சர்வோவை இறக்கைக்கு அடியில் கொண்டுவருவது, எல்லாமே மூன்று மடங்காகத் திரும்பி வரும்.

எங்கே பெரிய தொகை ஒளிந்திருந்தது என்றால், என் வால் முழுக்க 6 மில்லிமீட்டர் கெட்டி ஷீட். படுக்கை வாலான ஸ்டெபிலைசர், எலிவேட்டர், நிற்கும் வாலான ஃபின், அதன் அசையும் பகுதியான ரட்டர் எல்லாம் சேர்த்து ஆயிரம் சதுர சென்டிமீட்டர், அதாவது 600 கன சென்டிமீட்டர் மரம். நான் யோசிக்காமல் எடுத்த ஷீட் சற்றுக் கனமானது, 96 கிராம் வந்திருந்தது. இதையே குச்சிகளால் சட்டமாகக் கட்டினால் பரப்பில் 40 சதவீதம்தான் மரம் இருக்கும், லேசான மரமாகத் தேர்ந்தெடுத்தால் 26 கிராமில் முடியும். 70 கிராம் மிச்சம். மூக்கில் அதற்கு ஈடான எடை 163 கிராம். அங்கே இருந்த ஈயமோ 110 கிராம்தான், ஆகவே ஈயம் முழுவதையும் எடுத்துவிட்டு, பேட்டரியையும் நாலு சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. ஒரு வார வேலைக்கு 180 கிராம். ரிப் ஓட்டையோடு ஒப்பிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. வால் லேசாக இருக்க வேண்டும், ஆனால் வளையக் கூடாது. எலிவேட்டரைக் கையில் பிடித்து முறுக்கினால் ரப்பர் மாதிரி திரும்புகிறது என்றால் வேகத்தில் படபடக்க ஆரம்பிக்கும், அந்தப் படபடப்பு இரண்டு நொடியில் வாலையே பிய்த்துவிடும். சட்டத்துக்குள் குறுக்காகச் சாய்வுக் குச்சிகள் வையுங்கள், மூலைகளில் சின்ன முக்கோணத் துண்டுகள், இவற்றின் எடை ஓரிரு கிராம்தான், முறுக்கைத் தாங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியும்.

சின்ன பேட்டரிக்கு மாறும் யோசனையும் இந்த இடத்தில்தான் வருகிறது, வரிசை தப்பினால் அது பலிக்காது. 4 செல், 3300 எம்ஏஎச் பேட்டரி 370 கிராம் போல, 2200 என்றால் 250 கிராம் போல. 120 கிராம் மிச்சம் என்று மகிழ்ந்து மாட்டினால் மூக்கு லேசாகிவிடும், சிஜி பின்னால் போகும், அதைச் சரிசெய்ய ஈயம் வைத்தால் பறக்கும் நேரத்தைக் கொடுத்து ஈயத்தை வாங்கினதாக ஆகிவிடும். எடையைக் குறைக்க வேண்டும் என்ற ஆசையில் ஈயமே வைக்காமல் சிஜியைப் பின்னால் விட்டுப் பறக்கவிடுவது எல்லாவற்றையும்விட மோசம், கனமான விமானத்தைக் கட்டுப்படுத்தலாம், வால் கனத்த விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே முதலில் வால், பிறகு பேட்டரி. வால் லேசான பிறகு சின்ன பேட்டரி பொருந்தினால் அது நல்ல பேரம், நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் எடை 5 சதவீதம் குறைவதால் பவர் தேவையும் 7 சதவீதம் போல இறங்கி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும்.

மற்ற சாமான்களில் யோசிக்காமல் மாற்றக்கூடியவை சில இருக்கின்றன. கெட்டி ரப்பர் சக்கரம் ஒரு ஜோடி 90 கிராம் இருந்தது, ஃபோம் சக்கரம் 30 கிராம். இறக்கையில் இரண்டு பெரிய சர்வோ தலா 43 கிராம், அந்த எய்லரானுக்கு 20 கிராம் சர்வோ தாராளமாகப் போதும். இரண்டும் சேர்ந்து 106 கிராம், ஒரு மாலை வேலை, எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. சர்வோவைச் சின்னதாக்கும்போது அதன் இழுவிசை உங்கள் எய்லரான் அளவுக்கும் வேகத்துக்கும் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எலிவேட்டர் சர்வோவில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது கட்டி முடித்தவர்களுக்கு. இன்னும் மரத்தை வெட்டாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஏனென்றால் பெரிய தொகை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பால்சா என்பது ஒரே மரம் என்று நினைக்கக் கூடாது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.06 கிராமிலிருந்து 0.3 கிராமுக்கு மேல் வரை வரும், ஒரே கட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஷீட்டில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 1.5 மில்லிமீட்டர் ஷீட் என்றால் 150 கன சென்டிமீட்டர். அது 15 கிராம் இருந்தால் அடர்த்தி 0.1, 30 கிராம் இருந்தால் 0.2. என் இறக்கைக்கு இந்த மாதிரி ஆறு ஷீட், உடலுக்கு 3 மில்லிமீட்டரில் நாலு ஷீட். லேசானதாகவே பொறுக்கியிருந்தால் இறக்கையில் 90, உடலில் 120, மொத்தம் 210 கிராம் குறைந்திருக்கும். பிளானில் ஒரு கோடுகூட மாறாமல். மற்ற எல்லா யோசனைகளையும் இதோடு வைத்துப் பார்த்தால், மரம் வாங்கப் போகும்போது பையில் ஒரு சின்னத் தராசைக் கொண்டுபோவதைவிடப் பெரிய லாபம் எதிலும் இல்லை. கிட் வாங்குகிறவர்களும் வெட்டி வந்த துண்டுகளை எடை போடுங்கள், வால் துண்டு கனமாக இருந்தால் அதை அச்சாக வைத்து லேசான மரத்தில் வேறொன்று வெட்டிக்கொள்ளுங்கள்.

லேசானது எல்லா இடத்துக்கும் நல்லது என்று அர்த்தமில்லை. 0.1-க்குக் கீழே உள்ளதை வால், இறக்கை நுனி, செதுக்கி வடிவம் கொடுக்கும் கட்டைகளுக்கு ஒதுக்குங்கள். 0.1 முதல் 0.13 வரை மேல்ஷீட்டுக்கு. ரிப்புக்கு அதைவிடச் சற்றுக் கெட்டி. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கும் உடலின் நீளவாட்டுக் குச்சிகளுக்கும் 0.18-க்கு மேல், இல்லையென்றால் ஸ்ப்ரூஸ் என்ற கெட்டி மரம். நார் அமைப்பையும் பாருங்கள். சி கிரெய்ன் என்று சொல்லும், மேற்பரப்பில் மினுங்கும் புள்ளிகள் தெரிகிற ஷீட் குறுக்கே வளையாது, ரிப்புக்கும் தட்டையான வாலுக்கும் அதுதான். முன்விளிம்பைச் சுற்றி வளைத்து ஒட்ட ஏ கிரெய்ன் வேண்டும். சி கிரெய்னை வளைக்கப் பார்த்தால் பிளந்துவிடும், அப்புறம் அதைப் பசையால் காப்பாற்ற வேண்டியிருக்கும், பசை எடையாகும்.

பசையைப் பற்றி ஒரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. எபாக்சி காயும்போது எதையும் இழப்பதில்லை, 30 கிராம் கலந்து தடவினால் 30 கிராமும் விமானத்தில் நிற்கும். தண்ணீர் கலந்த மரப்பசை, வெள்ளையோ மஞ்சளோ, காய்ந்தபின் பாதிதான் மிஞ்சும், நீர் போய்விடும். உடனே பிடித்துக்கொள்ளும் சிஏ பசை பெரிதாகக் குறையாது, ஆனால் கொஞ்சமே வேண்டியிருக்கும், அதுவும் இணைப்பு இடைவெளி இல்லாமல் பொருந்தினால் மட்டும். நான் எபாக்சியை மூன்று இடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: மோட்டாரைப் பொருத்தும் முன்பக்கத் தடுப்பான ஃபயர்வால், இறக்கை இணைப்பு, லேண்டிங் கியர் பிளேட். மற்றதெல்லாம் மரப்பசை, காத்திருக்கப் பொறுமை வேண்டும். இணைப்பின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பசையை விரலால் வழித்து எடுங்கள், அங்கே அது பலம் எதுவும் தராது.

முழுக்க ஷீட் போட்ட இறக்கையா, முன்பாதியில் மட்டும் ஷீட் போட்டுப் பின்னால் ரிப் மேல் பட்டை ஒட்டியதா என்று கேட்டால், என் அளவுக்கு இரண்டாவதுதான். முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் ஷீட், நடுவில் மேல் ஸ்பாரையும் கீழ் ஸ்பாரையும் இணைத்து நிற்கும் ஷியர் வெப் துண்டுகள், இது மூடிய குழாய் மாதிரி ஆகிவிடும், முறுக்கைத் தாங்க அது போதும். பின்னால் இன்னும் ஷீட் போட்டால் அழகு கூடும், 60, 70 கிராம் கூடும். கண்ணாடி இழைத் துணி போட்டு பெயின்ட் அடிப்பதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: 25 கிராம் துணி, அதற்குமேல் ரெசின், பிரைமர், பெயின்ட் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 150 கிராமை எளிதில் தொடும், பிலிமைப்போல இரண்டு மடங்கு. ஸ்கேல் மாடலுக்கு அந்த அழகு வேண்டும், அப்போது எடையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம். அதையும்கூட இறக்கையிலும் மூக்கிலும் செய்துவிட்டு வாலை மட்டும் பிலிமில் விட்டுவிடுகிறவர்களின் யோசனை எனக்குப் பிடிக்கும், தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை.

கனமாகத்தான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இன்னொரு வழி இருக்கிறது, ஏனோ இதை யாரும் அதிகம் பேசுவதில்லை: இறக்கையைப் பெரிதாக்குவது. ஒவ்வொரு பக்கமும் ஒரு ரிப் இடைவெளி, 7.5 சென்டிமீட்டர், கூட்டினால் என் இறக்கை 1.65 மீட்டர் ஆகியிருக்கும், எடை 60 கிராம் போலக் கூடி 2.46 கிலோ. ஆனால் விங் கியூப் லோடிங் எண் 11.1-லிருந்து 9.9-க்கு இறங்கியிருக்கும். எடையைக் கூட்டி அந்த எண்ணைக் குறைக்கிற ஒரே வழி இதுதான். உருளும் வேகம் சற்றுக் குறையும், நடுவில் ஸ்பாருக்குச் சுமை கூடும், அங்கே ஷியர் வெப்பை நல்லபடியாகப் போட வேண்டும், ஸ்கேல் மாடலென்றால் தோற்றம் கெடும். கட்டி முடித்த இறக்கையில் இது நடக்காது, புது இறக்கைதான் கட்ட வேண்டும். பழையது உடைந்த அன்றைக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைக்கும் வேகத்தில் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. இறக்கை நடுவில் ஸ்பாரும் ஷியர் வெப்பும். வெப்பின் நார் செங்குத்தாக இருக்க வேண்டும், அரை இறக்கைக்கு நாலைந்து கிராம் வரும் அந்தத் துண்டுகளை விட்டுவிட்டால் வேகமாக டைவ் அடித்து மேலே இழுக்கும்போது இறக்கை மடியும். ஃபயர்வாலில் பிர்ச் பிளைவுட்டை லைட் பிளையாக மாற்றுவதும் அப்படித்தான், பிர்ச் நடுத்தர பால்சாவைப்போல நாலைந்து மடங்கு கனம் என்பது உண்மை, ஆனால் மோட்டார் அதிர்வு முழுக்க அங்கேதான் விழுகிறது, மிச்சமாகும் சில கிராமும் மூக்கில்தான் இருக்கிறது, மூக்கு எடை நமக்கு விரோதியே இல்லை. உடலுக்குள்ளே வால் பக்கமாகப் போகும் பிளைவுட் தடுப்புகள் வேறு விஷயம், அவற்றைப் பால்சாவாக மாற்றலாம், பிளானில் எழுதியிருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

என் விமானத்துக்கு வருகிறேன். சக்கரமும் சர்வோவும் முதல் மாலையில் மாறின. வாலை அறுத்து எடுக்க மனசு வராமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன், பிறகு எடுத்து, லேசான குச்சிகளில் புதிதாகக் கட்டி, அதற்கு மட்டும் லைட் பிலிம் ஒட்டினேன். ஈயம் வெளியே வந்தது. தராசில் 2 கிலோ 110. விங் கியூப் லோடிங் எண் 9.8. பிளான் சொன்ன 2 கிலோவுக்கு இன்னும் 110 கிராம் பாக்கி, அது உடலின் நாலு ஷீட்டில் இருக்கிறது என்று தெரியும், அதை இனி எடுக்க முடியாது, எடுக்கவும் போவதில்லை. வாஷ்அவுட் இரண்டு டிகிரி வைத்தேன். உயரத்தில் வைத்து மோட்டாரை அணைத்து, எலிவேட்டரை முழுக்க இழுத்து ஸ்டால் செய்து பார்த்தபோது மூக்கு நேராகக் கீழே தாழ்ந்தது, எந்தப் பக்கமும் சாயவில்லை. அறுத்து எடுத்த பழைய வாலை வேலை மேசைக்கு மேலே ஆணியில் மாட்டி, 96 கிராம் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த பிளானுக்கு மரம் பொறுக்கும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்வதற்கு.